சின்னப் பாய்மரப் படகுக்கு எந்த டிரெய்லர்?

1963-ல் இங்கிலாந்தில் மிரர் என்ற பெயரில் ஒரு சின்னப் பாய்மரப் படகு விற்பனைக்கு வந்தது. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டு மரவேலைகளைத் தானே செய்துகொள்வது எப்படி என்று பிபிசி தொலைக்காட்சியில் காட்டிப் பிரபலமான பாரி பக்னலும் சேர்ந்து உருவாக்கியது. டெய்லி மிரர் நாளிதழ் பின்னால் நின்றது. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடாவைப் பிசின் பூசி ஒட்டினால் படகு தயார். தச்சு வேலை தெரியாதவர்கள்கூட கார் கொட்டகையில் வைத்துக் கட்டினார்கள். இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர்கள் உருவாகியிருக்கின்றன.

நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.39 மீட்டர், வெற்றுடல் எடை 45.5 கிலோ. கார் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் வடிவமைத்தவர்களின் கணக்கு. நானும் அதை நம்பித்தான் இரண்டு குளிர்காலம் ஒட்டுப்பலகையோடு மல்லுக்கட்டினேன். கூரையில் ஏற்றிப் போனது மொத்தம் இரண்டே தடவை. 45 கிலோ என்பது ஜிம்மில் லேசாகத் தெரியும். காற்றடிக்கும் கடற்கரையில், தலைக்கு மேலே, மூன்று மீட்டர் நீளத்தில், எதிர்முனையைப் பிடிக்க முன்பின் தெரியாத ஒருவரைக் கெஞ்சிக் கூப்பிட்டுத் தூக்கும்போது அது வேறு எடை. மூன்றாம் தடவைக்கு முன்னால், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர் ஒன்றைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

அந்தத் தேடலில் நான் செய்த தவறுகளும் பிறகு தெரிந்துகொண்டவையும்தான் இந்தக் கட்டுரை. உதாரணங்கள் பெரும்பாலும் மிரரைச் சுற்றியே வரும். ஆனால் 4.27 மீட்டர் ஜிபி14, 4.82 மீட்டர் வேஃபேரர் என்று மரத்தில் கட்டிக்கொள்ளக்கூடிய எந்தச் சின்னப் படகுக்கும் இதே யோசனைதான். சட்ட விவரங்கள் பிரிட்டனுக்கானவை.

முதலில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வருடத்தில் எத்தனை நாள் பாய் விரிப்பீர்கள்? ஆர்வமுள்ளவருக்கு 25 நாள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 340 நாளும் படகு டிரெய்லரின் மேல்தான் கிடக்கிறது. வெயிலும் மழையும் பனியும் அங்கேதான். தண்ணீர் படகின் அடியை ஓர் அங்குலம் விடாமல் சமமாகத் தாங்கும். டிரெய்லர் நாலைந்து இடங்களில்தான் தாங்கும். அந்த நாலைந்து இடம் எவை என்பதில்தான் டிரெய்லர் தேர்வு இருக்கிறது. சக்கரம், பெயின்ட், பிராண்ட் எல்லாம் அப்புறம்.

எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வரைபடத்தில் போட்டிருக்கும் எடையை நம்பாதீர்கள். வீட்டில் கட்டிய படகு எப்போதும் கொஞ்சம் குண்டு. பிசின் கூடுதலாகப் போயிருக்கும், பெயின்ட் ஒரு கோட் அதிகம் அடித்திருப்போம், 'பலமாக இருக்கட்டும்' என்று எங்கேயாவது ஒரு கட்டையைச் சேர்த்திருப்போம். குளியலறைத் தராசு இரண்டை வாங்கி, படகின் முன்முனைக்கடியில் ஒன்று, பின்பலகைக்கடியில் ஒன்று என்று வைத்து, இரண்டு எண்களையும் கூட்டினால் உண்மை தெரிந்துவிடும். என் மிரர் 52 கிலோ காட்டியது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அதோடு பாய்மரம், பாய்கள், சுக்கான், படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகை, துடுப்பு, நங்கூரம், கயிறு, மேலே போர்த்தும் உறை என்று எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். எனக்கு மொத்தம் 80 கிலோ வந்தது. வேஃபேரருக்கு வெற்றுடலே 168.7 கிலோ; சாமான்களோடு 250-ஐத் தாண்டுவது சாதாரணம். சின்ன அவுட்போர்டு மோட்டார் இருந்தால் அதைப் படகின் பின்பலகையில் தொங்கவிட்டுச் சாலையில் இழுக்க வேண்டாம். கழற்றிக் காருக்குள் வையுங்கள். ஒவ்வொரு குழியிலும் அது பின்பலகையைப் பிடித்து ஆட்டும்.

இந்த எண் கையில் வந்ததும் கடைக்குப் போவோம். அங்கேதான் முதல் பொறி காத்திருக்கிறது.

பெரிய டிரெய்லர் வாங்கினால் நல்லதுதானே?

இல்லை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். யாரோ மோட்டார் படகுக்காக வைத்திருந்த பழைய டிரெய்லர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. 500 கிலோ தாங்கும். '80 கிலோ படகுக்கு இது தாராளம், ஆயுசுக்கும் கவலையில்லை' என்று நினைத்து வாங்கிவிட்டேன். ஒரு கோடைக்காலம் முடிவதற்குள் அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் பெயின்ட் கீறல் விட்டு, நாடாவின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டது.

காரணம் ஸ்பிரிங். 500 கிலோவுக்கென்று செய்த ஸ்பிரிங், 80 கிலோ ஏற்றினால் அசையவே அசையாது. அது அசையாத இடத்தில் குதிப்பது முழு டிரெய்லரும்தான். காலி மாட்டுவண்டி கரடுமுரடான பாதையில் போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். மூட்டை ஏற்றியபின் அதே வண்டி நிதானமாகப் போகும். 5 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைக்கு அந்தக் குதிப்பு ஒவ்வொன்றும் ஓர் அடி.

ஆகவே டிரெய்லரின் தாங்குதிறன் உங்கள் சுமைக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். படகும் சாமானும் 80 கிலோ என்றால் 150 முதல் 200 கிலோ வரை ஏற்றக்கூடியதைப் பாருங்கள். 250 கிலோ என்றால் 350 போதும். ஸ்பிரிங்கில் இரண்டு வகை உண்டு. பட்டைபட்டையாக அடுக்கிய இரும்புப் பட்டை ஸ்பிரிங் ஒன்று. இரும்புக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகளை வைத்து, அவை முறுக்கேறித் தாங்கும் வகை இன்னொன்று. சின்னப் படகுகளுக்கு இரண்டாவதுதான் இப்போது அதிகம். துருப்பிடிக்க இடம் குறைவு, வேலையும் குறைவு. ஆனால் ரப்பர் வயதாகி இறுகிப்போனால் பழுதுபார்க்க முடியாது, அப்படியே மாற்ற வேண்டியதுதான்.

ஏற்கெனவே கனமான டிரெய்லர் வாங்கிவிட்டவர்கள் டயர் காற்றைக் குறைத்துச் சமாளிக்கலாமே என்பார்கள். டயர் தயாரித்தவர் அந்தச் சுமைக்குச் சொல்லும் அளவுக்குக் கீழே போகாதவரை சரி. அதற்கும் கீழே போனால் டயர் சூடேறும்.

படகு எங்கே உட்காரும்?

இதுதான் விஷயத்தின் நடுப்பகுதி. சற்று நிதானமாகப் பார்ப்போம்.

படகைத் தாங்கப் பொதுவாக இரண்டு வழி. ரப்பர் ரோலர்களின் மேல் உருட்டி ஏற்றுவது ஒன்று. கார்ப்பெட் போர்த்திய நீளக் கட்டைகளின் மேல் உட்காரவைப்பது இன்னொன்று. ரோலரில் ஏற்றுவது சுலபம், தனியாளாக இழுத்துவிடலாம். ஆனால் ஒரு ரோலர் படகைத் தொடுவது விரல் அகலத்தில்தான். கண்ணாடியிழையில் வார்த்த கனமான படகு அதைத் தாங்கிக்கொள்ளும். மெல்லிய ஒட்டுப்பலகை உள்வாங்கும். நாலு மாதம் கழித்துப் படகைத் தூக்கிப் பார்த்தால் அடியில் குழி தெரியும்.

ஆகவே விதி இது: ரோலர் வைப்பதானால் அடிமரத்தின் நேர்கீழே மட்டும் வையுங்கள். படகின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் அந்தக் கட்டைதான் படகின் முதுகெலும்பு. எடையில் பெரும்பங்கு அதன்மேல் இறங்கட்டும். பக்கவாட்டுக் கட்டைகள் படகு சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். அவை சுமக்க வேண்டியதில்லை. இன்னொன்று, மிரர் மாதிரி நடுப்பலகையை மேலிருந்து செருகும் படகுகளில் அடியில் ஒரு நீளத் துளை இருக்கும். அதற்கு நேராக ரோலர் வந்தால் ஏற்றும்போது விளிம்பு மாட்டிக்கொண்டு பெயர்ந்துவிடும். அளந்து, துளைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த இடத்தில் தாங்கினாலும் படகுக்குள்ளே அதற்கு நேர்மேலே குறுக்குத் தடுப்பு ஒன்று இருக்க வேண்டும். வெற்றுப் பலகையின் நடுவில் தாங்கினால் அது டிரம் தோல்போல் ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் உள்ளும் வெளியும் அசையும். தடுப்புக்குக் கீழே தாங்கினால் அசைய இடமில்லை.

கடையில் படகு வாங்கியவருக்கு இல்லாத வசதி ஒன்று வீட்டில் கட்டுபவருக்கு இருக்கிறது. கட்டும்போது ஒரு கட்டத்தில் படகு கவிழ்ந்து கிடக்கும், அடியில் நாடா ஒட்டுவதற்காக. அந்தச் சமயத்தில் ஒரு அட்டையை எடுத்து, முக்கியமான குறுக்குத் தடுப்பு இருக்கும் இடத்தில் அடியின் வளைவுக்கு ஏற்பக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பலகைக்குச் சற்று முன்னால் இன்னொரு அட்டை. அட்டையின் மேல் 'தடுப்பு 2, முன்முனையிலிருந்து இத்தனை சென்டிமீட்டர்' என்று எழுதி ஆணியில் மாட்டிவிடுங்கள். டிரெய்லர் வந்தபிறகு அந்த அட்டையைத் தடித்த பலகையின்மேல் வைத்துக் கோடு போட்டு அறுத்தால், படகின் வளைவில் கச்சிதமாகப் பொருந்தும் தொட்டில் கிடைத்துவிடும். படகு நிமிர்ந்தபிறகு இதே வேலையைச் செய்வதென்றால் தரையில் மல்லாந்து படுத்துத்தான் செய்ய வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். அட்டை யோசனை எனக்குப் பிறகுதான் வந்தது.

தொட்டிலின் மேல் கார்ப்பெட் ஒட்டும்போது ஆணி, ஸ்க்ரூ எதுவும் படகைத் தொடும் முகத்தில் வேண்டாம். கார்ப்பெட்டை மடக்கிக் கட்டையின் பக்கவாட்டில் அடியுங்கள். கார்ப்பெட் உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கார்ப்பெட்டுக்குள் சிக்கிய ஒரு மணல் பொடி, நூறு மைல் பயணத்தில் உப்புத்தாளின் வேலையைச் செய்துவிடும்.

நீளமும் முக்கியம். அணியம், அதாவது படகின் முன்முனை, முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பத்தில் முட்டி நிற்க வேண்டும். பின்பலகை கடைசித் தாங்கலின் மேலேயோ, ஒரு சாண் பின்னாலேயோ முடிய வேண்டும். படகின் பின்பகுதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால், மாதக்கணக்கில் அடி வளைந்து நிரந்தரமாக அந்த வடிவத்துக்கே போய்விடும். அப்படி வளைந்த படகு தண்ணீரில் வேகம் பிடிக்காது. குறை பாயிலா, காற்றிலா, நம்மிலா என்று தேடிக்கொண்டே இருப்போம்.

சக்கரமும் உப்புத் தண்ணீரும்

டிரெய்லரைப் பின்னால் தள்ளி, சக்கரம் முழுகும்வரை கடலுக்குள் இறக்கி, படகை மிதக்கவிடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். சின்னப் படகுக்கு அப்படிச் செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

சின்ன டிரெய்லரின் சக்கரம் பெரும்பாலும் 8 அங்குல ரிம். டயரோடு சேர்த்து 42 சென்டிமீட்டர் விட்டம் வரும். சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் சுற்று சுற்றுகிறது. பக்கத்தில் ஓடும் கார் சக்கரம் அதே வேகத்தில் எழுநூறுகூடச் சுற்றாது. ஆகவே சக்கரத்தின் நடுக்குடத்தில் இருக்கும் பேரிங்கும் அதைச் சுற்றிய கிரீஸும் நன்றாகச் சூடேறும். உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றும் சூட்டில் விரிந்து வெளியேறும். இந்த நிலையில் கடற்கரைக்கு வந்து, குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று இறக்கினால் என்ன ஆகும்? உள்ளே காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, சீலின் ஓரமாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் சந்தோஷமாகப் பாய் விரித்துச் சுற்றிவரும் நேரத்தில் பேரிங் உள்ளே துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். அடுத்த வாரம் சக்கரம் உறுமும். அதையும் கவனிக்காமல் விட்டால் ஒருநாள் சாலையோரம் நிற்க வேண்டியதுதான். எனக்கு அது நடந்தது ஞாயிறு சாயங்காலம், மழையில்.

இதற்குப் பிரிட்டனில் சின்னப் படகுக்காரர்கள் கண்டுபிடித்த வழி மிக அழகானது. இங்கே காம்பி டிரெய்லர் என்பார்கள். டிரெய்லர் இரண்டு அடுக்கு. கீழே சாலையில் ஓடும் சட்டம். ஸ்பிரிங், விளக்கு, காரோடு மாட்டும் கப்ளிங் எல்லாம் இதில். மேலே ஒரு லேசான தள்ளுவண்டி. அதற்குத் தனியாக இரண்டு சக்கரம், பேரிங்குக்குப் பதிலாக பிளாஸ்டிக் புஷ். படகு எப்போதும் தள்ளுவண்டியின் மேல்தான் இருக்கும். கடற்கரைக்கு வந்ததும் படகோடு தள்ளுவண்டியை மட்டும் பின்னால் உருட்டி இறக்கி, கையால் தள்ளித் தண்ணீருக்குக் கொண்டுபோகலாம். சாலைச் சட்டம் காரோடு மேட்டிலேயே நிற்கும், ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் படாமல். திரும்பி வந்ததும் தள்ளுவண்டியை மேலே உருட்டி ஏற்றி, ஒரு பின்னைச் செருகினால் வேலை முடிந்தது.

150 கிலோ வரையுள்ள படகுக்குக் காம்பிதான் என் சிபாரிசு, யோசிக்கவே வேண்டாம். அதற்கு மேலே போனால் ஈரமான சரிவில் தள்ளுவண்டியைக் கையால் மேலே இழுப்பது இருவருக்கும் சிரமம். வேஃபேரர் வைத்திருப்பவர்கள் காம்பியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் உடன் வருபவர்கள் பலசாலிகள். கயிற்றைக் காரில் கட்டி இழுப்பவர்களும் உண்டு.

ஒற்றை டிரெய்லர்தான் என்று முடிவுசெய்தால், கரைக்கு வந்ததும் உடனே இறக்காமல் சக்கரம் ஆறும்வரை காத்திருங்கள். பாய்மரத்தை நிமிர்த்திக் கட்ட எப்படியும் அரைமணி நேரம் ஆகும், அது போதும். பேரிங்குக்குள் கிரீஸை ஸ்பிரிங் அழுத்தத்தில் நிரப்பி வைத்திருக்கும் மூடிகள் கிடைக்கின்றன. பேரிங் பட்டி (Bearing Buddy) என்பது அவற்றில் தெரிந்த பெயர். போட்டுக்கொள்ளலாம், தண்ணீர் புகுவது குறையும். அதற்காகப் பேரிங்கைத் திறந்தே பார்க்க வேண்டாம் என்றாகிவிடாது. 10 அங்குலச் சக்கரம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தும் வாங்குங்கள். மெதுவாகச் சுற்றும், குழியிலும் குறைவாக இறங்கும்.

கப்ளிங்கின் மேல் எத்தனை கிலோ?

டிரெய்லரின் மூக்கு, காரின் பின்னாலிருக்கும் உருண்டையின்மேல் உட்காருகிறது. அந்த இடத்தில் கீழ்நோக்கி எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதுதான் மூக்கெடை. இது குறைவாக இருந்தால், அதாவது டிரெய்லர் பின்பக்கம் கனத்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டிரெய்லர் நாய் வாலாட்டுவதுபோல் இடமும் வலமும் ஆடும். ஆட்டம் பெருகினால் காரையும் சேர்த்து இழுத்துப் புரட்டிவிடும். ரொம்ப அதிகமாக இருந்தால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரத்தின் பிடி குறையும். மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் மூக்கில் இருப்பது சின்னப் படகு டிரெய்லருக்குப் பொருத்தம். உங்கள் காரும் கப்ளிங்கும் அனுமதிக்கும் உச்ச அளவு அவற்றின் கையேட்டிலோ தகட்டிலோ இருக்கும். அதைத் தாண்டக் கூடாது.

அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. அதே குளியலறைத் தராசுதான். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கப்ளிங் வழக்கமாக நிற்கும் உயரத்துக்கு ஒரு கட்டையை அறுத்து, கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி, கப்ளிங்கை அதன் தலையில் இறக்க வேண்டும். நான் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ள, என் மகள் குனிந்து எண்ணைப் படித்தாள்.

"மூணு கிலோதாம்ப்பா."

"சரியா பாரும்மா. கட்டை நேரா நிக்குதா?"

"நேராத்தான் நிக்குது. மூணுதான்."

படகு, தள்ளுவண்டி, சட்டம் எல்லாம் சேர்த்து 160 கிலோ. 3 கிலோ என்றால் 2 சதவீதம்கூட இல்லை. படகுக்குள் பின்பக்கம் வைத்திருந்த நங்கூரத்தை முன்னால் மாற்றிப் பார்த்தோம், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பிறகுதான் சட்டத்தின் அடியில் பார்த்தேன். அச்சு யூ-போல்ட்டுகளால் மாட்டப்பட்டிருந்தது. அவற்றைத் தளர்த்தி, அச்சை 20 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி முடுக்கியதும் தராசு 12 காட்டியது. சில டிரெய்லர்களில் அச்சை நேராகச் சட்டத்தோடு பற்றவைத்திருப்பார்கள். அவற்றில் இப்படி மாற்ற முடியாது. படகைத்தான் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும், அப்போது நாம் அறுத்துச் செய்த தொட்டிலெல்லாம் இடம் தவறிப்போகும். வாங்கும்போதே அச்சு நகருமா என்று கேட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சாலையில் டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை அழுத்தி மிதிப்பதும், ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதும் ஆட்டத்தைக் கூட்டத்தான் செய்யும்.

போக்குவரத்து விதி, விளக்கு, பாய்மரம்

பிரிட்டனில் 750 கிலோ வரையுள்ள டிரெய்லருக்குத் தனிப் பிரேக் தேவையில்லை. ஆனால் டிரெய்லரின் எடை இழுக்கும் காரின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. நம் படகுகளுக்கு இதில் எந்த நெருக்கடியும் இல்லை. ஓட்டுநர் உரிம விஷயத்தில், 2021 டிசம்பர் 16-லிருந்து சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர் 3,500 கிலோ டிரெய்லர் வரை இழுக்கலாம். டிரெய்லர் இழுக்கும்போது வேக வரம்பு குறைவு: நடுவில் பிரிப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், நடுவில் பிரித்த இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60. மூன்று தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலதோரத் தடத்துக்குப் போகவே கூடாது.

பின்னால் விளக்கு, இண்டிகேட்டர், இரண்டு சிவப்பு முக்கோணப் பிரதிபலிப்பான், காரின் அதே எண் எழுதிய தகடு இவ்வளவும் வேண்டும். இவற்றை ஒரே பலகையில் பொருத்தி, லைட் போர்டு என்று விற்கிறார்கள். படகின் பின்னால் கட்டிக்கொண்டு, கடற்கரை வந்ததும் கழற்றிக் காருக்குள் போட்டுவிடலாம். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சண்டை வராது. பழைய லைட் போர்டுகளில் 7 முள் பிளக், புதிய கார்களில் 13 துளை. இடையில் ஒரு அடாப்டர் போதும். கப்ளிங் உருண்டை இங்கே 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் 2 அங்குலம், அதாவது 50.8. பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றை மற்றதற்கு மாட்டாதீர்கள். கப்ளிங் கழன்றாலும் டிரெய்லர் தனியாக ஓடிவிடாமல் பிடிக்கும் சங்கிலியை ஒவ்வொரு தடவையும் மாட்டுங்கள்.

பாய்மரம் எங்கே போகும் என்று பலர் வாங்கும்போது யோசிப்பதில்லை. மிரரில் இந்தத் தலைவலி இல்லை. பாய்மரத்தை இரண்டு துண்டாகச் செய்து, மேல்துண்டு தனியாக ஏறும்படி அமைத்திருப்பதால் எல்லாம் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். ஜிபி14, வேஃபேரர் மாதிரி ஒற்றைப் பாய்மரம் என்றால் அது படகைவிட நீளம். டிரெய்லரின் முன்கம்பம் உயரமாக இருந்து, தலையில் பாய்மரத்தைத் தாங்கும் கவை இருக்க வேண்டும். பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் நீட்டினால் அது பிறர் கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது கட்டியாக வேண்டும். முன்னால் காரின் கூரையைத் தொடுகிறதா என்று வளைவில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள். நேராக நிற்கும்போது தொடாதது திருப்பத்தில் பின்கண்ணாடியை முட்டும்.

பழையது வாங்கினால்

பழைய டிரெய்லர் தப்பில்லை. போய்ப் பார்க்கும்போது கையில் ஒரு சின்னச் சுத்தியலும் டார்ச்சும் இருக்கட்டும். சட்டத்தை அங்கங்கே தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், உள்ளே அரித்தது மொத்தென்று பேசும். பெட்டிக் குழாய்கள் வெளியே பளபளத்து உள்ளிருந்து அரித்துப்போகும், முனையில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய சட்டமா, வெறும் பெயின்டா என்பது பெரிய வித்தியாசம். கடலோரத்தில் பெயின்ட் அடித்த இரும்பு நாலைந்து வருடத்தில் தன் கதையைச் சொல்லிவிடும். புதிதாக அடித்த கறுப்பு பெயின்ட் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்றால் பேரிங் போய்விட்டது அல்லது தளர்ந்திருக்கிறது. சுற்றிவிட்டுக் காதை வையுங்கள். கரகரப்பு இருந்தால் விலையில் பேரிங்குக்கான காசைக் குறைத்துக் கேட்கலாம். டயரில் பட்டன் தேய்மானத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வருடத்துக்கு 25 நாள் ஓடும் டயர் தேயாது, வெயிலில் வெடிப்பு விடும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3518 என்றால் 2018-ன் 35-ஆவது வாரம் செய்தது. பத்து வயதைத் தாண்டியது என்றால் பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

கட்டும் பட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாரிக்காரர்கள் பயன்படுத்தும் ராட்செட் பட்டையில் நெம்புகோல் பலம் இருக்கிறது. உணர்ச்சி தெரியாமல் இறுக்கிக்கொண்டே போனால் மரப்படகின் விளிம்பு 'டப்' என்று சொல்லும். சின்னப் படகுக்குக் கையால் இழுத்து இறுக்கும் பக்கிள் பட்டை போதும். குறுக்குத் தடுப்புக்கு நேராகக் கட்டுங்கள், விளிம்பில் பழைய கார்ப்பெட் துண்டை வையுங்கள். பட்டையை ஒரு தடவை முறுக்கிவிட்டுக் கட்டினால் காற்றில் ரீங்காரம் போடாது. அணியத்தைத் தனியாக முன்கம்பத்தில் கட்ட வேண்டும்; படகை இழுத்து ஏற்றும் வின்ச் இருந்தால் அதன் கயிற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

வீட்டில் நிறுத்தும்போது மூக்கைத் தூக்கி வைத்து, அடியிலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். உறை கிழிந்து படகுக்குள் 5 சென்டிமீட்டர் மழைத் தண்ணீர் நின்றாலே நூறு கிலோவைத் தொடும். 80 கிலோவுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த தொட்டிலும் ஸ்பிரிங்கும் அதைச் சுமந்துகொண்டு வாரக்கணக்கில் நிற்கும்.

முதல் பயணத்தில் பத்து மைல் போனதும் ஓரமாக நிறுத்துங்கள். பட்டைகள் தளர்ந்திருக்கும், இறுக்குங்கள். புதிதாக முடுக்கிய யூ-போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் ஸ்பேனரால் ஒருமுறை பாருங்கள். பிறகு இரண்டு சக்கரத்தின் நடுக்குடத்தையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். டீ கிளாஸ் அளவு வெதுவெதுப்பு என்றால் கடலுக்குப் போகலாம். கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.